பொபிஞி வழக்கும் ஒரு கையெழுத்தும்

(நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் சங்கத்து மேடையில் குறளையும் சிலம்பையும் கம்பனையும் பற்றிப் பேசக் கற்றறிந்த புலவர் பலர் வந்து சென்றிருக்கின்றனர். நானோ பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் சேர்ந்த ஒரு குமாஸ்தா. இருபது ஆண்டுகளுக்கு மேலாக விதிப் புத்தகங்களையும் சுற்றறிக்கைகளையும் தவிர வேறு நூல்களை அதிகம் புரட்டியவன் அல்லன். அப்படிப்பட்டவனைப் பிடித்து, “நீர் பார்த்த படம் ஒன்றைப் பற்றிப் பேசும்” என்று காரியதரிசி கட்டளையிட்டுவிட்டார். நீதிமன்றக் காட்சி உள்ள படம் என்று நான் சொன்ன மாத்திரத்தில், 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று அவர் மகிழ்ந்து போனார். குணசேகரன் கூண்டில் நின்று பேசுவதைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் அல்லவா நாம்! அவர் என்னை மன்னிக்க வேண்டும். நான் பேச வந்த நீதிமன்றம் பிரான்சு நாட்டில், பாரிசு நகரை ஒட்டிய பொபிஞி என்னும் ஊரில் இருப்பது.

பொருள் சற்றுக் கூச்சம் தருவது. கருச்சிதைவு பற்றிய வழக்கு அது. முன்வரிசையில் வயது முதிர்ந்த தாய்மார்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆயினும் உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப் போவதில்லை என்றே எண்ணுகிறேன். பின்வரிசையில் இருக்கும் ஆண்களுக்குத்தான் இதில் பாதி புதிதாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

படத்தின் பெயர் ‘பொபிஞி வழக்கு’. பிரான்சுவா லூசியானி என்பவர் இயக்கி, 2006-இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்டது. கல்லூரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தன் கணினியில் அதை ஓட்டினாள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆங்கிலமும் அலுவலகக் கோப்புக்குப் போதுமான அளவே தெரியும். விளங்காத இடங்களில் அவளே நிறுத்திச் சொன்னாள். பிறகு அந்த உண்மை வழக்கைப் பற்றிச் சில நாள் தேடிப் படித்தேன். படத்தில் கண்டதையும் பிறகு படித்தறிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

மிஷேல் ஷெவாலியே என்று ஒரு தாய். அவர் பாரிசு நகரின் நிலத்தடி ரயிலில் ஊழியர். ஆம், அன்பர்களே, அவரும் ரயில்வேக்காரர்தாம்! அதைக் கேட்டவுடன் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பெண் மக்கள் மூவர்; அவர்களுடைய தந்தை கைவிட்டுப் போய்விட்டார். மாதம் 1,500 பிராங்கு சம்பளத்தில் மூவரையும் அவர் ஒருவராகவே வளர்த்துவந்தார். மூத்தவள் மரி-கிளேர். 1971-இல் அவளுக்கு வயது 16. அவளுடன் பள்ளியில் பழகிய ஓர் இளைஞன் அவளை வன்முறையால் கெடுத்துவிட்டான். அவள் கருவுற்றாள். இந்தப் பிள்ளையைப் பெறமாட்டேன் என்று தாயிடம் சொன்னாள்.

அந்நாளில் பிரான்சில் கருக்கலைப்புப் பெருங்குற்றம். 1920-இல் இயற்றிய சட்டம் ஒன்று கருத்தடை முறைகளைப் பற்றிப் பிரசாரம் செய்வதைக்கூடத் தடுத்திருந்தது. உலகப் போர்க் காலத்தில் இன்னும் கடுமை. 1943-இல் மரி லூயிஸ் ஜிரோ என்ற பெண்ணை, பிறருக்குக் கருக்கலைத்தாள் என்பதற்காக வெட்டுப்பொறியில் தலையைத் துண்டித்துக் கொன்றார்கள். அவள் கதையையும் ஷாப்ரோல் என்னும் இயக்குநர் 1988-இல் படமாக்கியிருக்கிறார். அதை நான் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

மிஷேல் அம்மையார் ஒரு மருத்துவரிடம் போனார். அவர் 4,500 பிராங்கு கேட்டார். மூன்று மாதச் சம்பளம்! பணம் இருந்தவர்களுக்கு அன்றும் வழி இருந்தது. இங்கிலாந்துக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போய், நல்ல மருத்துவமனையில் காரியத்தை முடித்துக்கொண்டு மறுவாரம் திரும்பி வந்தார்கள். மிஷேல் தம்முடன் வேலை செய்த ஒரு தோழியிடம் சொல்லி அழுதார். அந்தத் தோழி இன்னொரு தோழியிடம் சொல்ல, அவர் மூலமாகக் காரியத்தைச் செய்யக்கூடிய ஒருத்தி கிடைத்தாள். அவள் மருத்துவம் படித்தவள் அல்லள். ஓர் அலுவலகச் செயலாளர். 1,200 பிராங்குக்கு ஒப்புக்கொண்டாள். முதல் முயற்சிகள் பலிக்கவில்லை. பிறகு குருதி பெருகத் தொடங்கி, நள்ளிரவில் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

சில மாதங்கள் சென்றன. மரி-கிளேரைக் கெடுத்த அந்த இளைஞன் கார் திருட்டு விவகாரத்தில் போலீசிடம் அகப்பட்டான். தன்மேல் இரக்கம் பிறக்கட்டும் என்று, அவள் கருக்கலைத்த செய்தியை அவன் போலீசாரிடம் சொல்லிக்கொடுத்தான். போலீசார் தாயின் வீட்டு வாசலில் வந்து நின்றனர். பெண்ணும், தாயும், உதவிய தோழியர் இருவரும், அந்தச் செயலாளரும் குற்றவாளிகள் ஆனார்கள். இந்த இடத்தில் என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் சற்று ஓசையுடன் கழுவப்பட்டன.

இனி, அன்பர்களே, இந்த வழக்கில் என்னை மிகவும் கவர்ந்த இடத்துக்கு வருகிறேன். நிலத்தடி ரயில் ஊழியர்களுக்கென ஒரு நூலகம் இருந்தது. நம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஒரு காலத்தில் இருந்ததே, அதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மிஷேல் அம்மையார் ஒரு நூலைக் கண்டார். ஜமீலா பூபாஷா என்ற அல்ஜீரிய நாட்டுப் பெண், பிரெஞ்சுப் படையினரின் சித்திரவதைக்கு ஆளானவள். அவளுக்காக வாதாடிய ஜிசேல் அலிமி என்னும் பெண் வழக்கறிஞர், எழுத்தாளர் சிமோன் தெ பொவ்வாருடன் சேர்ந்து 1962-இல் வெளியிட்ட நூல் அது. ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக ஓர் அரசாங்கத்தையே எதிர்த்து நின்றவர் என்றால் நமக்கும் நிற்பார் என்று மிஷேல் எண்ணினார். போய் அவரைப் பார்த்தார். சட்டம் படிக்காத ஒரு ரயில் ஊழியர், இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தின் துணைகொண்டு தம் வழக்கறிஞரைத் தேடிக்கொண்டார்.

அலிமி அம்மையார் துனிசியாவில் பிறந்தவர். 1971 ஏப்பிரலில் 343 பெண்கள், தாங்களும் கருக்கலைத்தவர்களே என்று ஒரு வார இதழில் கையெழுத்திட்டு அறிக்கை வெளியிட்டார்கள். அந்தக் கையெழுத்துகளுள் அவருடையதும் ஒன்று. அவர் தாயையும் மகளையும் அமர்த்தி, இரண்டு வழிகள் உண்டு என்று விளக்கினார். தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டால் சிறு தண்டனையோடு போகலாம். அல்லது சட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். ஆனால் ஊர் அறிய, நாடு அறிய எல்லாம் வெளிவரும். இரண்டாவது வழிக்கே தாயும் மகளும் இசைந்தார்கள். நம் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி நேர்ந்து, பத்திரிகைக்காரர் வாசலில் நின்றால் நாம் எந்த வழியைத் தேர்ந்தெடுப்போம் என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும். நான் எதைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லப் பெருமையாக இல்லை.

1972 அக்டோபர் 11-ஆம் நாள் மரி-கிளேரின் வழக்குச் சிறார் நீதிமன்றத்தில் மூடிய கதவுக்குள் நடந்தது. அவள் விடுதலையானாள். வெளியே திரண்டிருந்த பெண்கள், பணக்காரிக்கு இங்கிலாந்து, ஏழைக்குச் சிறையா என்று முழங்கினார்கள். நவம்பர் 8-ஆம் நாள் தாயும் மற்றவர்களும் கூண்டில் ஏறினர். அன்று சாட்சி சொல்ல வந்தவர்களைப் பாருங்கள்: நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் ஜாக் மோனோவும் பிரான்சுவா ஜாகோபும் வந்தார்கள். சிமோன் தெ பொவ்வார் வந்தார். எல்லாரிலும் என் மனத்தில் நிற்பவர் போல் மிலியே என்னும் மருத்துவப் பேராசிரியர். அவர் கத்தோலிக்கர், ஆறு குழந்தைகளுக்குத் தந்தை. கருக்கலைப்பை அவர் உள்ளம் விரும்பியதில்லை. இருந்தும், அந்தப் பெண் என்னிடம் வந்திருந்தால் உதவியிருப்பேன் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அதற்காக மருத்துவர் சங்கம் பின்னர் அவரைக் கண்டித்தது. தம் நம்பிக்கையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பிறர் துன்பத்தை அதைக் கொண்டு அளக்காத அம்மனிதரை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், தாய்மார்கள் பொறுத்துக்கொள்க. தீர்ப்பளிக்க அமர்ந்திருந்தவர்கள் ஆண்கள். பெண்களைப் பரிசோதிக்க மருத்துவர் கையாளும் கருவி ஒன்றின் பெயர் விசாரணையில் வந்தபோது, அதை வாயிலா வைத்தீர்கள் என்று நீதிபதி கேட்டாராம். அலிமி பிற்காலத்தில் இதைக் கூறியிருக்கிறார். அன்று அங்கே சிரித்தார்களோ, தலையில் அடித்துக்கொண்டார்களோ, நான் அறியேன். என் மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அதே கேள்வியைக் கேட்டிருக்கக்கூடியவன்தான்.

நவம்பர் 22-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தாய்க்கு 500 பிராங்கு அபராதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. தோழியர் இருவரும் விடுதலை. காரியத்தைச் செய்தவருக்கு ஓராண்டுச் சிறை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது; ஆனால் அதைக் கொண்டு தண்டிக்க நீதிமன்றத்துக்கே கை கூசியது. 1974 நவம்பரில் சிமோன் வேய் என்ற பெண் அமைச்சர், நாஜிகளின் வதை முகாமிலிருந்து மீண்டவர், புதுச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கொண்டுவந்தார். 284 பேர் ஆதரவு, 189 பேர் எதிர்ப்பு. 1975 ஜனவரியில் அது சட்டமாயிற்று. 2024 மார்ச்சு 4-ஆம் நாள் அந்த உரிமையைப் பிரான்சு தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அலிமி 2020-இல் மறைந்துவிட்டார். மரி-கிளேர், விளம்பரத்தை நாடாமல் ஒதுங்கி வாழ்ந்து, 2022 ஜனவரியில் காலமானார்.

படத்தில் அனூக் கிரீன்பெர்க் வழக்கறிஞராகவும் சாந்திரீன் பொன்னேர் தாயாகவும் நடித்திருக்கிறார்கள். நடிப்பைப் பற்றி அளந்து சொல்ல எனக்குத் தகுதி இல்லை. படம் முடிந்ததும், “நம் நாட்டில் இது எப்போது சட்டமாயிற்று, அப்பா?” என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே தேடிச் சொன்னாள். நம் நாட்டில் 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 312-ஆம் பிரிவில், கருக்கலைக்கும் பெண்ணையும் சேர்த்தே குற்றவாளி என்று சொன்னது. 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் அறிக்கையைத் தொடர்ந்து 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எண்ணிப் பாருங்கள். பொபிஞியில் அந்தத் தாய் கூண்டில் நின்றபோது, நம் நாட்டில் அந்தச் சட்டத்துக்கு ஏழு மாத வயது ஆகியிருந்தது!

நாம் முந்திக்கொண்டோம் என்று பெருமைப்பட்டிருப்பேன். ஆனால் எனக்கு ஒரு சித்தி இருந்தார்.

என் தாயாரின் உடன்பிறந்த தங்கை. விழுப்புரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவர். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, 1989-இல் இறந்துபோனார். வயது 31. விஷக் காய்ச்சல் என்று எங்களுக்குச் சொன்னார்கள். விடுமுறைக்குப் போனால் எனக்கென்று பனங்கிழங்கு அவித்து எடுத்து வைப்பவர். அவர் முகத்தைவிட அந்தக் கிழங்கின் மணம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உண்மையை என் தாயார் பல ஆண்டுகள் கழித்து, என் திருமணத்துக்குப் பிறகே சொன்னார். சித்திக்கு நான்கு குழந்தைகள். கடைக்குட்டிக்கு ஒரு வயது நிரம்பவில்லை. மீண்டும் கருவுற்றார். உடம்பில் வலு இல்லை. தனியாகவே பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே பதிவு செய்யும் இடத்தில் இருந்தவர், புருஷன் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது, கூட்டிக்கொண்டு வா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். சித்தப்பா லாரி ஓட்டுநர். வடக்கே சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இருபது நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அவர் நல்லவர், கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று என் தாயார் இன்றும் சொல்வார். சித்தி பன்னிரண்டு நாள் காத்திருந்தார். பிறகு பக்கத்துக் கிராமத்து மருத்துவச்சி ஒருத்தியிடம் போனார். எருக்கங்குச்சி என்று நான் சொன்னால் முன்வரிசைத் தாய்மார்களுக்கு விளங்கும். எட்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிரவு மகள் படித்துக் காட்டிய சட்டத்தில் கணவன் கையெழுத்து என்று ஒரு சொல்கூட இல்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணாயின் அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். வயது நிரம்பாதவளுக்கும் மனநலம் குன்றியவளுக்கும் மட்டுமே காப்பாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1972 முதலே அப்படித்தான் இருந்திருக்கிறது. சித்தி இறந்தபோது அந்தச் சட்டத்துக்குப் பதினேழு வயது. இல்லாத ஒரு விதியைச் சொல்லி ஒரு குமாஸ்தா அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

அன்பர்களே, அந்தக் குமாஸ்தாவைத் திட்ட நான் வாய் திறந்தேன், முடியவில்லை. ஏனென்றால் நானும் அந்த நாற்காலியில் இருப்பவன். கணவனை இழந்த ஒரு பெண் குடும்ப ஓய்வூதியக் காகிதங்களுடன் வந்தபோது, விதியில் கேட்கப்படாத ஒரு சான்றிதழைக் கேட்டு அவரை இருமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். கைக்கூலி எதிர்பார்த்து அன்று. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் என்ன சொல்வது என்ற பயத்தால்தான். ஒரு காகிதம் கூடுதலாக இருந்தால் நமக்குக் காப்பு என்று எங்கள் தொழிலில் எல்லாரும் நினைப்போம். அந்தக் காகிதத்துக்காக எதிரே நிற்பவர் எத்தனை மைல் நடக்கிறார் என்பது கோப்பில் வராது. அந்த அம்மாள் மூன்றாம் முறை வந்தார். சித்திக்கு மூன்றாம் முறை என்று ஒன்று இல்லை.

கருவைக் கலைப்பது பாவமா, அன்றா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் முழுத் தெளிவு உண்டு என்று சொல்லமாட்டேன். வேண்டாமல் செய்வது தகாது என்று கருதும் பெரியோர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் உள்ளத்தை நான் மதிக்கிறேன். பெண் குழந்தை என்று அறிந்து கலைப்பது முற்றிலும் வேறு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதையே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அதையும் இதையும் ஒன்றாகக் குழப்புகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். நம் சட்டமும் கேட்டவுடன் கொடு என்று சொல்வதன்று. மருத்துவர் ஆராய்ந்து, தாயின் உயிருக்கோ உடலுக்கோ மனத்துக்கோ கேடு என்று கருத வேண்டும். அல்லது குழந்தை கடுமையான குறையோடு பிறக்கும் நிலை இருக்க வேண்டும். வன்முறையால் வந்த கருவும், கருத்தடை தவறி வந்த கருவும் மனத்துக்குக் கேடு என்றே சட்டம் கொள்கிறது. 2021-இல் திருத்திய பின், 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 24 வாரம் வரை, விதிகளில் குறித்த சிலருக்கு மட்டும், இரு மருத்துவர் கருத்து வேண்டும். மணமாகாத பெண்களையும் இதிலிருந்து ஒதுக்கக்கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வந்தவளின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்குத் தண்டனையும் உண்டு.

கையெழுத்து விஷயமும் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. தன் சம்மதம் இல்லாமல் மனைவி கருக்கலைத்தாள் என்று, மனைவியின்மீதும் மருத்துவர்கள்மீதும் ஒரு கணவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். பஞ்சாப்–அரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் அதை ஏற்கவில்லை. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அவருடைய முறையீட்டைத் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் படமெடுக்க யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. எடுத்தால் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பேன்.

சென்ற மாதம் நம் காலனியில் நாலைந்து பேரிடம், அறுவை ஏதும் குறிப்பிடாமல், பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் எப்படி?” என்றே எல்லாரும் சொன்னார்கள். அவர்களுள் ஒருவர் பட்டதாரி, ஒருவர் ஆசிரியை.

இச்சட்டத்தில் சம்மதம் பற்றிய பகுதியையும், எவ்விடத்தில் செய்துகொள்ளலாம் என்ற பகுதியையும் என் மகள் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, மூன்று படிகள் எடுத்து, அட்டை போட்டு, நம் சங்க நூலக அலமாரியின் கீழ்த்தட்டில், சமையற் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சாவி காரியதரிசி வீட்டில் இருக்கிறது. அவர் இல்லாவிட்டாலும் அவருடைய துணைவியார் எடுத்துக் கொடுப்பார். எந்த நூலை எடுத்தாலும் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்பது நம் விதி. இந்த ஒன்றுக்கு மட்டும் எழுத வேண்டா என்று காரியதரிசி இசைந்திருக்கிறார்.